எண்ணாமல் விட்ட பெண்மான்கள்

டெல்லி ஹவுஸ் காஸில் உள்ள ஏ.என். ஜா மான் பூங்காவின் அங்கீகாரத்தை 2023 ஜூன் மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ரத்து செய்தது. மான்கள் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டன என்பது முக்கியமான காரணம். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகுவது, நோய் பரவும் வாய்ப்பு, பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாதது ஆகியவற்றையும் ஆணையம் சொன்னது. 1960களில் ஆறு மான்களோடு தொடங்கிய பூங்கா அது என்பார்கள். அங்கீகாரம் போனபோது வேலிக்குள் ஏறத்தாழ அறுநூறு மான்கள் நின்றன.

ஆறு அறுநூறாக நூறு மடங்கு ஆக வேண்டும். ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அது நடந்தது என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்பதுக்கும் குறைவான வளர்ச்சியே போதும். நல்ல தீனியும் தண்ணீரும் கிடைத்து, துரத்த விலங்கு ஏதும் இல்லாத மான் கூட்டத்துக்கு இது மெதுவான நடை. யாரும் கவனிக்காத அளவுக்கு மெதுவானது. இந்த ஆண்டு இருபது, அடுத்த ஆண்டு இருபத்திரண்டு. வேலியில் சாய்ந்து பார்ப்பவருக்கு இரண்டு குட்டிகள் கூடுதலாகத் தெரியும், குழந்தைகளுக்கு மகிழ்ச்சி, அவ்வளவுதான். பிரச்சினை கண்ணுக்குத் தெரியும்போது எளிய வழிகள் எல்லாம் கடந்து போயிருக்கும்.

டெல்லியில் அப்படித்தான் ஆயிற்று. மான்களைப் பிடித்து ராஜஸ்தானின் புலிக் காப்பகங்களுக்கு லாரியில் ஏற்றினார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மான்களை மாற்றிய விதத்தில் கடுமையான குறைகள் இருப்பதாகக் கண்டு, மேற்கொண்டு மாற்றுவதை நிறுத்தி, களத்தில் போய்ப் பார்த்து அறிக்கை தருமாறு தன் மத்திய அதிகாரக் குழுவைப் பணித்தது. மான் பூங்கா விவகாரம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனதற்கு அடியில் இருப்பது ஒரு சின்னத் தவறு. பெண்மான்கள் எத்தனை, ஆண்டுக்கு எத்தனை குட்டி என்று கணக்கு வைத்து, ஆணையும் பெண்ணையும் பிரித்து அடைக்க வேண்டிய காலத்தில் அதைச் செய்யவில்லை.

வடலூரில், நெய்வேலிச் சுரங்கத்து மண்மேடுகளின் ஓரத்தில் வாழும் நமக்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். பசுமை பிடித்து நிற்கும் எந்த நிலத்தைப் பார்த்தாலும் நம் ஊர்களில் முதலில் எழும் யோசனை 'நாலு மான் விடலாமே' என்பதுதான். அந்த நாலு மான் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் உயிரியல். புள்ளிமானின் சினைக்காலம் ஏறத்தாழ ஏழரை மாதம் முதல் எட்டு மாதம். பெரும்பாலும் ஒரு குட்டி. பெண்மான் ஒன்றரை வயதை ஒட்டிச் சினைப்படத் தொடங்கிவிடும். நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி ஈனக்கூடியது. குட்டிகளில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி. ஒரு ஆண்மான் பல பெண்மான்களைச் சினைப்படுத்தும். குட்டிகளின் எண்ணிக்கையை முடிவு செய்வது பெண்மான்களின் எண்ணிக்கை. ஆண்மான்கள் பத்தா, நாற்பதா என்பது அதை அநேகமாகத் தொடுவதே இல்லை.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வேலிக்குள் நூறு மான்கள், அறுபது பெண், நாற்பது ஆண் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஆறு பெண்மானுக்கு ஐந்து குட்டி பிழைக்கிறது. கூட்டத்தைக் குறைக்க முப்பது மான்களை வெளியே அனுப்ப முடிவாகிறது. அனுப்பிய முப்பதும் ஆண் என்றால், மிச்சம் எழுபது. அவற்றில் அறுபது பெண்களும் ஐம்பது குட்டிகளைத் தரும். ஓர் ஆண்டு கழித்து எண்ணினால் நூற்றிருபது. அனுப்புவதற்கு முன் இருந்ததை விட இருபது அதிகம். அதே முப்பதும் பெண் என்றால், மிச்சமுள்ள முப்பது பெண்மான்கள் இருபத்தைந்து குட்டி தரும். எண்ணினால் தொண்ணூற்றைந்து. செலவு ஒன்றே, லாரி ஒன்றே, பிடிக்கும் வேலை ஒன்றே. ஒன்றில் கூட்டம் வளர்ந்தது, மற்றொன்றில் தேய்ந்தது. இயற்கை இறப்பை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் திசை மாறாது. இரண்டாம் ஆண்டில் இடைவெளி இன்னும் விரியும். முதல் வழியில் பிறந்த குட்டிகளில் இருபத்தைந்து பெண்ணாக இருக்கும். அவை வளர்ந்து அறுபதோடு சேரும்போது ஈனும் பெண்மான்கள் எண்பத்தைந்து.

இத்தனை எளிய கணக்கு ஏன் நடைமுறையில் தோற்கிறது? மனம் இடம் கொடுப்பதில்லை. கொம்புள்ள ஆண்மானை விலக்குவதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. சினையாக நிற்கும் பெண்மானைப் பிரிப்பதோ, கருத்தடை செய்வதோ, வேட்டை உள்ள நாடுகளில் சுடுவதோ, எங்கும் ஊர்க் கோபத்தைக் கிளப்பும். வேட்டையைப் பொழுதுபோக்காகக் கொண்ட அமெரிக்காவிலேயே அது நடந்தது. விஸ்கான்சின் மாநிலம் 1915-ல் ஆண்மானை மட்டும் சுடலாம் என்று சட்டம் போட்டது. அழிந்துகொண்டிருந்த மான் இனத்தைத் தேற்ற அது அன்றைக்குச் சரியான மருந்து. மான் தேறிய பிறகும் மருந்தை நிறுத்தவில்லை. 1940களின் தொடக்கத்தில் குளிர்காலத் தீனி போதாமல் மான்கள் பட்டினியில் விழுந்தன. காட்டில் இளங்கன்றுகள் முளைத்த இடத்திலேயே மேய்ந்து தீர்ந்தன. வனவியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் 1943-ல் அம்மாநில ஆணையத்தில் இடம்பெற்றபோது பெண்மான்களையும் குறைக்க வேண்டும் என்று வாதாடினார். அந்த ஆண்டு சில நாள் ஆணுக்கும் சில நாள் கொம்பில்லாத மான்களுக்கும் வேட்டை திறந்தது. ஏறக்குறைய 1,28,000 மான்கள் சுடப்பட்டன. மக்கள் கொதித்துப்போய் அதை '43-ன் குற்றம்' என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே பழைய விதி திரும்பியது. மான்கள் குறையவில்லை. காடுதான் குறைந்தது.

மனிதர் தலையிடாமலே விட்டால் இயற்கை சமன் செய்துகொள்ளும் என்று நம்புபவர்கள் பெரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவின் கணக்கைப் பார்க்க வேண்டும். 1944-ல், போர்க்காலத்தில் அங்கே நிறுத்தப்பட்டவர்களுக்கு அவசர உணவாகட்டும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படை 29 பனிமான்களை இறக்கியது. 24 பெண், 5 ஆண். போர் முடிந்தது, ஆட்கள் போய்விட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. ஓநாய் இல்லை, வேட்டை இல்லை, தரை முழுக்க பல ஆண்டுகளாகத் தடித்து வளர்ந்த கற்பாசித் தீனி. 1957-ல் டேவிட் கிளைன் என்ற உயிரியலாளர் போய் எண்ணியபோது 1,350. 1963-ல் ஆறாயிரம். ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வளர்ச்சி. பெண் மிகுந்த ஒரு சிறு கூட்டத்தைத் தடையில்லாத இடத்தில் விட்டால் என்ன வேகத்தில் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு அரிது.

1963-64 குளிர்காலம் கடுமையாக இருந்தது. அதற்குள் கற்பாசி முழுக்க மேய்ந்து தீர்ந்திருந்தது. கிளைன் 1966-ல் மறுபடி தீவுக்குப் போனபோது எலும்புகள் கிடந்தன. உயிரோடு 42 மான்கள். அவற்றில் 41 பெண். மிஞ்சிய ஒரே ஆண், கொம்பு கோணலாக வளர்ந்த, இனப்பெருக்கத்துக்கு உதவாத ஒன்று. குட்டிகளே இல்லை. 1980களுக்குள் தீவில் பனிமான் இனமே அற்றுப்போனது. பெண் மிகுந்து தொடங்கிய கூட்டம் பெண் மட்டும் மிஞ்சி முடிந்தது.

பட்டினியில் ஆண்கள் முதலில் சாவது தற்செயல் இல்லை. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் டிம் கிளட்டன்-பிராக் குழுவினர் சிவப்பு மான்களைப் பல தலைமுறைகள் தனித்தனியாக அடையாளம் கண்டு தொடர்ந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் தீவின் வடபகுதியில் சுடுவதை நிறுத்தியதும் பெண்மான்கள் பெருகின. ஆண்கள் இளமையிலேயே அதிகம் இறந்தன, அல்லது வெளியேறின. நெருக்கடி கூடக் கூட வளர்ந்த மான்களில் ஆணின் பங்கு சுருங்கியது. அடர்த்தி கூடிய பிறகு பெண் விகிதம் தானாகவே ஏறுகிறது, ஏறிய பெண் விகிதம் அடர்த்தியை இன்னும் ஏற்றுகிறது. இந்தச் சுழலைக் காலத்தில் அறுக்கவில்லை என்றால் பட்டினி அறுக்கும்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் மான் வேட்டைக்கும் விதிகள் இருந்த காலம் ஒன்று உண்டு. நீலகிரியில் 1877-ல் வேட்டையாடிகளே சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்து, வேட்டை மூடும் பருவங்களை வகுத்தது. வரையாடும் கடமானும் அங்கே முற்றும் அழியாமல் பிழைத்ததில் அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பங்கு உண்டு. யார் சுடலாம், எப்போது சுடலாம், எதைச் சுடக்கூடாது என்று முடிவு செய்ய, மலையில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வேட்டையாடிக்கு அந்தக் கணக்கில் சொந்த லாபம் இருந்தது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் உரிம வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அது நல்ல காரியம். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் வேட்டையாடியின் துப்பாக்கி போனபோது, ஆண், பெண், குட்டி என்று பிரித்து எண்ணும் பழக்கமும் பல இடங்களில் கூடவே போய்விட்டது. காட்டுக்குள் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கும் வரை அதனால் பெரிய கேடில்லை. வேலி போட்ட வளாகத்துக்குள் அவை இல்லை.

சென்னை கிண்டியைப் பாருங்கள். ஆளுநர் மாளிகையின் வேட்டைக் காடாக இருந்த நிலம் அது. 1920களில் வில்லிங்டன் பிரபு ஆளுநராக இருந்தபோது வெளிமான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். புள்ளிமான்கள் அதன் பிறகு வந்தவை. 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு வெறும் 2.7 சதுர கிலோமீட்டர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் அது ஒன்று. வெளிமானுக்கு மரமில்லாத குட்டைப் புல்வெளி வேண்டும். புள்ளிமான் புதரோரத்திலும் நிழலிலும் தழைக்கும். புல்வெளியில் மரமும் புதரும் ஏற ஏற வெளிமான் பின்வாங்கியது. ஷங்கர் ராமன், மேனன், சுகுமார் ஆகியோர் 1996-ல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு இனங்களையும் சேர்த்துப் பார்த்து எப்படி நிர்வகிப்பது என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டது. நகரத்துக்கு நடுவே நாலுபுறமும் சாலையும் சுவரும் சூழ்ந்த ஒரு காட்டுக்கு அந்தக் கேள்வி என்றும் தீராதது.

அதை ஒட்டிய சென்னை ஐஐடி வளாகத்தில் மான்கள் பிளாஸ்டிக் தின்று செத்த செய்திகளும், நாய்கள் கடித்த செய்திகளும் பல ஆண்டுகளாக வருகின்றன. 2022 மார்ச்சில் அங்கே இறந்த மான் ஒன்றுக்கு ஆந்த்ராக்ஸ் என்று உறுதியானது. ஆந்த்ராக்ஸ் மனிதருக்கும் தொற்றும். மாடு, ஆடு எல்லாவற்றுக்கும் தொற்றும். அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். ஆயிரக்கணக்கான பேர் வாழும் வளாகத்தில் நெருக்கமாக மேயும் மான் கூட்டம் என்பது அழகு மட்டும் இல்லை, ஒரு சுகாதாரப் பொறுப்பும் ஆகும்.

இலங்கையில் திருக்கோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குப் போனவர்களுக்கு அங்கே உலவும் புள்ளிமான்கள் நினைவிருக்கும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பக்தர்கள் கையிலிருந்து வாங்கித் தின்னும். பை, தாள், குப்பை எல்லாம் வயிற்றுக்குள் போகும். திருவண்ணாமலை மலையடிவாரத்திலும் மான்கள் சாலைக்கு வந்து வாகனத்திலும் நாயிடமும் சிக்குவது அடிக்கடி நடக்கிறது. பெரம்பலூர், வேப்பூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து தண்ணீர் தேடி வந்து கிணற்றில் விழும் மான்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டித் தூக்குவதைக் கோடைதோறும் செய்தித்தாளில் பார்க்கிறோம். நாம் பரிதாபப்பட்டுப் படத்தைப் பகிர்ந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்தக் காட்டில் மொத்தம் எத்தனை, பெண் எத்தனை, தண்ணீர் எத்தனைக்குப் போதும் என்ற கேள்வி யாருடைய வாயிலும் வருவதில்லை.

நம் புள்ளிமான் வேற்று நிலத்தில் என்ன செய்யும் என்பதற்கு அந்தமானே சாட்சி. ஆங்கிலேயர் காலத்தில் வேட்டை விலங்காகக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அதைத் தின்னும் விலங்கு இல்லை. தீவு விட்டுத் தீவு நீந்திப் பரவியது. இன்று அந்தமான் காடுகளில் மரக்கன்றுகள் தலையெடுக்காமல் போவதற்குப் புள்ளிமானின் மேய்ச்சலைச் சூழலியலாளர்கள் காரணம் காட்டுகிறார்கள். ஹவாய்க்கு 1867-68 வாக்கில் ஐந்தாம் கமேஹமேஹா மன்னருக்குப் பரிசாக ஹாங்காங் வழியே போனவை பத்துக்கும் குறைவான புள்ளிமான்கள். அவற்றின் வாரிசுகள் அந்தத் தீவுகளின் புல்லையும் பயிரையும் தின்று தீர்த்து, வறட்சிக் காலத்தில் வேலியோரம் செத்து விழுந்ததால் 2021-ல் மாவுய் தீவுக்கு அவசர நிலை அறிவிக்க வேண்டியிருந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெண்மானைக் குறை என்று சொன்னதை ஆணுக்குக் கணக்கே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பெரியாறு காட்டில் தந்தத்துக்காகக் கொம்பன் யானைகளைக் கள்ள வேட்டைக்காரர்கள் சுட்டுத் தள்ளியதில், 1980களின் இறுதியில் நூறு பெண்யானைக்கு ஒரு வளர்ந்த ஆண் என்ற நிலை வந்தது. தேனி மலையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் இது நடந்தது. மத்திய ஆசியாவின் சைகா மான்களில் கொம்புக்காக ஆண்களைக் கொன்றதால் பெண்கள் சினைப்படாமலே போய், கூட்டமே சரிந்ததை 2003-ல் நேச்சர் இதழ் வெளியிட்டது. ஆண் மிகக் குறைந்தாலும் கேடு, பெண் அளவு மீறினாலும் கேடு. விகிதம் என்ன என்று தெரியாமல் எந்தப் பக்கம் கைவைத்தாலும் அது குருட்டு மருத்துவம்.

இப்போது நம் நிலம். நெய்வேலியில் 1957-ல் தொடங்கிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணி, மேல் மண்ணைத் தோண்டிக் குவித்து, நிலக்கரி எடுத்த பள்ளத்தை நிரப்பி, அதன்மேல் மரம் நட்டு வருகிறது. தோண்டிய நிலம் பச்சையாக நிற்பது நல்ல செய்தி. அங்கே தானாக வந்து சேரும் மயிலும் பன்றியும் பறவையும் அவற்றின் வழியில் வாழட்டும். நான் அஞ்சுவது நாமாகக் கொண்டுபோய் விடுவதைப் பற்றி. நிரப்பிய மண்ணில் வளர்ந்த இளங்காடு மேய்ச்சலுக்கு மிக எளிதில் தோற்கும். வேர்பிடிக்காத கன்றை மான் கடித்தால் அது மறுபடி தழைப்பது கடினம். தோப்பு வளர்ப்பதும் மான் வளர்ப்பதும் ஒரே வேலிக்குள் ஒத்துப்போகாது.

இன்னொன்று, நம் கடற்கரை மாவட்டம் புயல் பாதை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்தக் காற்றில் எந்தக் கம்பி வேலி நிற்கும்? 2018 நவம்பரில் கஜா புயல் கோடியக்கரைச் சரணாலயத்தைத் தாக்கியபோது மான்கள் கூட்டமாக இறந்தன. வேலிக்குள் இருநூறு மான் இருக்கும்போது ஒரு மரம் வேலிமேல் சாய்ந்தால், விடியும்போது அவை கடலூர்-விருத்தாசலம் சாலையில் நிற்கும்.

காட்டுப்பன்றிக்கும் இதே கணக்கு பொருந்தும். அது நமக்கு இன்னும் நெருக்கமான பிரச்சினை. மல்லாட்டையையும் கரும்பையும் பன்றி கிளறியதைப் பற்றிய புகார் தமிழ்நாட்டில் ஒலிக்காத மாவட்டம் குறைவு. 2025 ஜனவரியில் வனத்துறை அமைச்சராக இருந்த பொன்முடி சட்டமன்றத்தில் ஒரு முடிவை அறிவித்தார். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். உழவரின் வலியைப் பார்த்தால் இந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெண்பன்றி நாலு மாதத்துக்குள் ஈனும், ஒரு ஈற்றுக்கு நாலைந்து குட்டி போடும். சுட்ட பன்றி ஆணா பெண்ணா, சினையா இல்லையா, எந்த வயது என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு இருந்தால்தான் சுட்டதில் பயன் உண்டா என்று இரண்டு ஆண்டில் தெரியும். பெரிய கொம்புப்பல் உள்ள ஆண்களாகவே சுட்டுக்கொண்டிருந்தால், மல்லாட்டைக் கொல்லைக்கு எந்த விடிவும் வராது. உயிர் மட்டும் வீணாகப் போயிருக்கும்.

வடலூரில் இருந்து இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வள்ளலார் 1867 மே 23-ல் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. கொல்லாமையைக் கொள்கையாக ஏற்ற ஊர் இது. இங்கே மான் பெருகினால் சுடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இருக்கவும் கூடாது என்பதே என் எண்ணமும். ஆனால் கொல்ல மாட்டோம் என்று முடிவு செய்தவர்களுக்குப் பொறுப்பு கூடுகிறது. சுடும் நாட்டில் ஒரு தவறைப் பின்னால் துப்பாக்கியால் திருத்தலாம். சுடாத ஊரில் தவறே நடக்காமல் முன்னால் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறக்க விட்டு, பிறகு தீனி இல்லாமல் மெலிந்து, நோய் கண்டு, நாய் கிழித்து, லாரியில் அடைபட்டுச் சாகவிடுவது சீவகாருண்யம் ஆகாது. பசித்த மனிதருக்குச் சோறிடுவதும், மானுக்கு பிஸ்கட் நீட்டுவதும் ஒன்றல்ல. மானுக்கு நாம் போடும் ஒவ்வொரு கைப்பிடித் தீனியும் அடுத்த ஆண்டின் குட்டிகளாக மாறும். அந்தக் குட்டிகளுக்கு நிலம் நீளாது.

பிடித்து வேறிடம் அனுப்பலாம் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. மான் மிரண்டால் தசை சிதைந்து, பிடித்த சில நாளில் செத்துப்போகும் ஆபத்து உண்டு. ஆகவே வல்லுநர்கள் துரத்திப் பிடிக்காமல், இலை மறைப்புச் சுவர்கள் கட்டிய புனல் போன்ற பாதையில் அவையே நடந்து வண்டியில் ஏறும் போமா முறையைக் கையாள்கிறார்கள். அதற்குப் பணமும் பயிற்சியும் மாதக்கணக்கில் பொறுமையும் வேண்டும். போய்ச் சேரும் காட்டிலும் சிறுத்தையைப் பார்த்து ஓடத் தெரியாத பூங்கா மானுக்கு வாழ்க்கை சுலபமில்லை. கோவை வ.உ.சி. உயிரியல் பூங்கா அங்கீகாரம் இழந்த பிறகு அங்கிருந்த புள்ளிமான்களை 2024-ல் சிறுவாணி அடிவாரக் காட்டில் விட்டார்கள். பல மாதம் தனியே வைத்து, காட்டுத் தீனிக்குப் பழக்கி, நோய்ப் பரிசோதனை செய்து செய்த வேலை அது. சில மான்களுக்கே அத்தனை உழைப்பு. அறுநூறுக்கு என்ன ஆகும் என்று டெல்லி காட்டியது. கருத்தடை ஊசி அமெரிக்காவின் ஃபயர் தீவு போன்ற இடங்களில் பலன் தந்திருக்கிறது. ஒவ்வொரு பெண்மானையும் அடையாளம் கண்டு, மீண்டும் மீண்டும் ஊசி போட வேண்டும். எண்ணாத இடத்தில் அதுவும் நடக்காது.

ஆகவே நம் வட்டாரத்தில் எந்த நிறுவனமோ, நகராட்சியோ, பள்ளியோ, தனியாரோ மான் பூங்கா, மான் வளாகம் என்று ஒரு திட்டத்தோடு வந்தால், மாலை மரியாதைக்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அனுமதி எங்கே? எத்தனை ஆண், எத்தனை பெண்? தொடக்க நாளிலிருந்தே தனித்தனி வேலியா? ஆண்டுக்கு ஒருமுறையாவது பால் வாரியாக எண்ணும் பொறுப்பு யாருடையது, அந்தக் கணக்கு ஊருக்குத் தெரியுமா? எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் என்ன செய்யப்போகிறீர்கள், அதற்கு இப்போதே பணம் ஒதுக்கியாயிற்றா? கால்நடை மருத்துவர் யார்? ஏற்கனவே ஏதேனும் வேலிக்குள் மான் இருந்தால், இன்றைக்கே பெண்மான்களைத் தனியாக எண்ணச் சொல்லி எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கும் உண்டு. இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வராத எந்தத் திட்டத்துக்கும் நம் ஊரில் ஒரு மானைக்கூட இறக்க விடாதீர்கள்.